டாஷ்ஹண்ட் கட்டிலுக்குப் பாயிறத நிப்பாட்டிட்டா சும்மா விடாதீங்கோ

வாசகர் கேள்வி: டொக்டர், நாங்கள் வெள்ளவத்தையில மூண்டாம் மாடி ஃபிளாட் ஒண்டில இருக்கிறம். சீசர் எண்டு 4 வயசு டாஷ்ஹண்ட் கடுவன், 14 கிலோ. ஒரு கிழமையா கட்டிலுக்குப் பாயிறானில்லை, செற்றிக்குக் கீழ போய்ப் படுக்கிறான், முதுகைக் கூனிக்கொண்டு நிக்கிறான். நேற்று சின்ன மகன் தூக்கேக்க கத்திக்கொண்டு கையைக் கவ்விட்டான். அம்மா சொல்றா உளுக்கு, எண்ணெய் போட்டு உரஞ்சினாச் சரி எண்டு. ஃபிளாட்டுக்கு ஏத்த, மடியில வச்சிருக்கிற சாதி எண்டு சொல்லித்தான் இவனை எங்களுக்குத் தந்தவை. ஆனா பூச்சாடி எல்லாம் கிண்டுறான், லிஃப்ட் சத்தத்துக்குக் குரைக்கிறான், கீழ குப்பை வைக்கிற அறையில எலியும் பிடிச்சிட்டான். இப்ப தெரிஞ்ச ஒராள் தன்ட பெட்டைக்கு விடச் சொல்லிக் கேட்கிறார். என்ன செய்யிறது?

பதில்: தங்கச்சி, பூச்சாடி, குரைப்பு, பெட்டை எல்லாம் பிறகு கதைப்பம், முதல்ல அந்த எண்ணெய்ப் போத்தல மூடி வையுங்கோ. 4 வயசு, கூடின நிறை, பாய்ச்சல் நிண்டது, கூனின முதுகு, தூக்கேக்க கத்தினது, இவ்வளவையும் சேத்துப் பாத்தா இது முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையில மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க்கின்ட பிரச்சினையா இருக்கத்தான் சான்ஸ் கூட. வேற காரணமும் இருக்கலாம்தான், ஆனா டாஷ்ஹண்டுக்கு முதுகு நோகுது எண்டா, டிஸ்க் இல்லையெண்டு உறுதியாகிற வரைக்கும் டிஸ்க் எண்டு வச்சுத்தான் நாங்கள் வேலை செய்யிறது. உரஞ்சினா, அமத்தினா, காலைப் பிடிச்சு இழுத்தா, வெளிய வரப் பாத்துக்கொண்டு நிக்கிற டிஸ்க் முழுசா வந்து முண்ணாணை நசிச்சுப்போடும், பிறகு பின்னங்கால் ரெண்டும் இழுபடும்.

இண்டைக்கே மிருக வைத்தியரிட்ட கொண்டு போங்கோ. ஓட்டோவில மடியில வச்சுக்கொண்டு போகாம, அடியில துவாய் மடிச்சுப் போட்ட ஒரு பிளாஸ்டிக் கூடையிலயோ பெட்டியிலயோ படுக்க வச்சுக் கொண்டு போங்கோ. வீட்டில இருக்கிற பனடோல், ஐப்யூபுரூஃபன், டைக்குளோஃபெனாக் ஒண்டும் குடுக்கவேண்டாம், ஐப்யூபுரூஃபன் நாயின்ட வயித்தையும் கிட்னியையும் அடிச்சுப்போடும். முந்தி எங்கயாவது ஸ்டீரொய்ட் ஊசி போட்டிருந்தா அதைக் கட்டாயம் வைத்தியருக்குச் சொல்லவேணும், ஏனெண்டா ஸ்டீரொய்டும் மற்ற நோ மருந்துகளும் ஒண்டுக்கு மேல ஒண்டு விழுந்தா குடலில புண் வந்து ரத்தம் போகும்.

போறதுக்கு முதல் ஒரு விஷயம் பாத்துக்கொண்டு போங்கோ, வைத்தியர் கேட்பார். சீசரை வழுக்காத பாய் ஒண்டில நிக்க வச்சு, வயித்துக்குக் கீழ கையைக் குடுத்துத் தாங்கிக்கொண்டு, பின்னங்கால் பாதம் ஒண்டை மெதுவாத் திருப்பி மேல்பக்கம் நிலத்தில படுற மாதிரி வையுங்கோ. நரம்பு சரியா வேலை செய்யிற நாய் அந்த நொடியே பாதத்தைத் திருப்பி நேரா வச்சிடும், நீங்கள் கையை எடுக்கவும் நேரம் இருக்காது. திருப்பாம அப்பிடியே மடிஞ்ச பாதத்தில நிண்டா, அல்லது யோசிச்சு யோசிச்சு நேரம் எடுத்துத் திருப்பினா, முண்ணாணில அமத்தம் விழுந்திட்டு எண்டு அர்த்தம். பின்னங்கால் நகங்களையும் பாருங்கோ, நடு விரல் ரெண்டின்ட நகமும் மேல்பக்கமாத் தேஞ்சிருந்தா அவன் கன நாளா காலை இழுத்துத்தான் நடந்திருக்கிறான், உங்கட டைல் தரையில சர் சர் எண்டு ஒரு சத்தமும் கேட்டிருக்கும்.

நோ மட்டும்தான், கால் நல்லா வேலை செய்யுது எண்டா பெரும்பாலும் மருந்தாலயும் ஓய்வாலயும் சுகமாகும். கால் தள்ளாடுது, நிக்க ஏலாம விழுறான், சலம் போகுதில்லை அல்லது தானா ஒழுகுது எண்டா நாளைக்கு எண்டு வைக்கவேண்டாம், ராவெண்டாலும் போங்கோ. ஆகக் கடைசி நிலை, விரலை இறுக்கிக் கிள்ளினாலும் அவனுக்குத் தெரியாம இருக்கிறது. அந்த உணர்வு இருக்கிற வரைக்கும் ஒப்பரேஷன் செய்தா 10 நாயில 9 நாய் போல திரும்ப நடக்கும், உணர்வு போனாப் பிறகு செய்தா அது அண்ணளவா பாதியாக் குறைஞ்சிடும், அதிலயும் மணித்தியாலங்கள் முக்கியம். முதுகு ஒப்பரேஷன் எல்லா கிளினிக்கிலயும் செய்யிறதில்லை, அதால இப்பவே உங்கட வைத்தியரிட்ட "தேவைப்பட்டா எங்க அனுப்புவீங்கள்" எண்டு கேட்டு நம்பரை வாங்கி வச்சுக்கொள்ளுங்கோ. பேராதனை மிருக வைத்திய பீடத்தின்ட வைத்தியசாலையும் இருக்கு, ஆனா ராவில கண்டி ரோட்டில நாயை வச்சுக்கொண்டு யோசிக்கிற நிலைக்கு வரப்படாது.

மகன்ட கையைப் பற்றி நீங்கள் ஒரு வரியில எழுதிட்டுப் போயிருக்கிறீங்கள். பல் பட்டுத் தோல் கீறுப்பட்டிருந்தா, சின்னக் கீறல் எண்டாலும், ஓடுற தண்ணியில சோப் போட்டு 15 நிமிஷம் கழுவிப்போட்டு வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கோ, சீசரின்ட விசர்நாய்த் தடுப்பூசிக் கார்டையும் கையோட எடுத்துக்கொண்டு. நேற்று நடந்தது தானே எண்டு விடவேண்டாம். அதோட, பிள்ளையைக் கடிச்ச நாய் எண்டு சீசரைத் தள்ளி வச்சிடாதீங்கோ. கக்கத்துக்குள்ள கையை விட்டுத் தூக்கினா அந்த நீட்டு முதுகின்ட பின்பாதி முழுக்கத் தொங்கும், ஏற்கனவே நோகிற இடத்தில அந்தப் பாரம் விழுந்தா எந்த நாயும் கவ்வும். தூக்கிறதெண்டா பெரியாக்கள் மட்டும், ஒரு கை நெஞ்சுக்குக் கீழ, மற்றக் கை பிருஷ்டத்துக்குக் கீழ, முதுகு தரைக்குச் சமாந்தரமா.

இனி அந்த "மடியில வச்சிருக்கிற சாதி" கதைக்கு வாறன், எனக்கு உண்மையாவே மனவருத்தம் தாற விஷயம் அது. டாஷ்ஹண்ட் ஒரு வேட்டை நாய். ஜேர்மனியில 300 வருஷத்துக்கு மேலயா காட்டுக் காவலாளரும் வேட்டைக்காரரும் தங்கட தேவைக்கெண்டு உருவாக்கின நாய். தேவை என்னெண்டா, பாட்ஜர் எண்டொரு பிராணி, நம்மட நாட்டில இல்லை, 10, 12 கிலோ வரும், பலமான தாடை, மண் கிண்டுற பெரிய நகம், நிலத்துக்குக் கீழ நீட்டு நீட்டா வளை தோண்டிக்கொண்டு இருக்கும். அந்த வளைக்குள்ள மனுசன் போக ஏலாது, பெரிய நாயும் போக ஏலாது. இருட்டில, மூச்சு முட்டுற ஒடுக்கமான குழியில, தன்ட நிறையோட ஒத்த நிறையுள்ள, கடிக்கிற மிருகத்துக்கு முகத்துக்கு முகம் நிண்டு, மேல நிக்கிற எசமானுக்கு எந்த இடத்தில மண்ணை வெட்டவேணும் எண்டு விளங்கிற மாதிரி விடாமக் குரைக்கவேணும். இந்த வேலைக்குத்தான் அவன்ட உடம்பில ஒவ்வொண்டும்.

காலைக் குட்டையாக்கினது வளைக்குள்ள நுழையிறதுக்கு. நெஞ்சு ஆழமா இறங்கி இருக்கிறது, காத்துக் குறைஞ்ச இடத்தில நுரையீரலுக்கும் இதயத்துக்கும் இடம் வேணும் எண்டு. முன்னம்பாதம் பின்னம்பாதத்தை விட அகலம், ஏனெண்டா அதுதான் மண்வெட்டி. உடம்பின்ட அளவுக்குப் பொருந்தாத அந்தப் பெரிய குரல் மண்ணுக்குள்ளால மேல கேட்கிறதுக்கு. இண்டைக்கும் ஜேர்மனியில டாஷ்ஹண்டின்ட சைஸைப் பிரிக்கிறது 15 மாசம் ஆனாப் பிறகு நெஞ்சுச் சுற்றளவை நாடா பிடிச்சு அளந்து, ஸ்டாண்டர்ட், மினியேச்சர், முயல் வளைக்குள்ள போற ஆகச் சின்னது எண்டு மூண்டா. எந்த வளைக்குள்ள எந்த நாய் போகும் எண்டதுதான் அங்க கணக்கு. காயப்பட்ட மானின்ட ரத்த வாடையைப் பிடிச்சுக்கொண்டு போய்க் கண்டுபிடிக்கிற வேலைக்கும் அங்க இவையைப் பழக்கிறவை, மூக்கு அவ்வளவு நல்லம்.

1879இல அங்க இந்தச் சாதிக்கு லட்சணங்களை எழுதி வச்சிட்டினம், 1881இல இங்கிலாந்தில டாஷ்ஹண்ட் கிளப் தொடங்கினது, 1888இல ஜேர்மனியில டெக்கல் கிளப், டெக்கல் எண்டது டாஷ்ஹண்டுக்கு அங்கத்தைய பேர். விக்டோரியா மகாராணி வளத்தவா, அதால இங்கிலாந்தில பெரிய வீடுகளுக்குள்ள போய்ச் சேந்தது. முதலாம் உலகப் போர் வந்தாப்போல ஜேர்மன் நாய் எண்டு சொல்லியே இங்கிலாந்திலயும் அமெரிக்காவிலயும் வெறுத்தவை, நாய் என்ன பாவம் செய்தது. பிறகு திரும்ப எழும்பி, 1972 மியூனிக் ஒலிம்பிக்குக்கு வால்டி எண்ட டாஷ்ஹண்ட்தான் சின்னம்.

குட்டைக் காலுக்கு விலை குடுத்தது முதுகுதான். குட்டைக்கால் நாய்ச் சாதிகள்ல FGF4 எண்ட ஜீனின்ட மேலதிகப் பிரதி ஒண்டு இருக்கிறதை 2009இல கண்டுபிடிச்சவை, 2017இல அதே ஜீனின்ட இன்னொரு பிரதி 12ஆம் குரோமோசோம்ல இருக்கு, டிஸ்க் கெட்டுப்போறது அதோட சேந்ததுதான் எண்டு தெரிய வந்தது. டாஷ்ஹண்ட்ல கிட்டத்தட்ட எல்லா நாயிலயும் இது ரெண்டும் இருக்கு. டிஸ்க்கின்ட நடுவில இருக்கிறது இளம் நுங்கு மாதிரி வழுவழுப்பான சாமான், பாயேக்க விழேக்க அதிர்ச்சியை வாங்கிறது அதுதான். மற்ற நாயளுக்கு அது வயசு போகப் போக மெதுவாத்தான் முத்தும், டாஷ்ஹண்டுக்கு முதல் ஒண்டு ரெண்டு வருஷத்துக்குள்ளயே முத்தி இறுகி, சிலதில சுண்ணாம்பும் படிஞ்சிடும். பிறகு ஒரு நாள், பெரிய விபத்தே தேவையில்லை, செற்றியால குதிச்சாக் காணும், வெளி வளையம் வெடிச்சு அந்த இறுகின துண்டு மேல இருக்கிற முண்ணாணில போய் இடிக்கும். நாலு, அஞ்சு டாஷ்ஹண்டுக்கு ஒண்டு தன்ட வாழ்நாள்ல இதை ஏதோ ஒரு அளவில அனுபவிக்குது, 3 வயசில இருந்து 7 வயசுக்குள்ளதான் கூட. இடமும் பெரும்பாலும் ஒரே இடம்தான், விலா எலும்பு முடிஞ்சு இடுப்புத் தொடங்கிற பகுதி. சீசர் முதுகைக் கூனுற இடத்தைப் பாருங்கோ, அதுவாத்தான் இருக்கும்.

வைத்தியர் பாத்து, ஒப்பரேஷன் தேவையில்லை எண்டு சொன்னா, மருந்தை விடப் பெரிய மருந்து கூடு. குறைஞ்சது 4 கிழமை, சிலருக்கு 6 கிழமை, எழும்பி நிண்டு திரும்பிப் படுக்கிறதுக்குக் காணுமான கூட்டுக்குள்ள வச்சிருக்கவேணும். கேட்கக் கஷ்டமா இருக்கும், விளங்குது, வீட்டில எல்லாரின்ட காலுக்குள்ளயும் சுத்தித் திரிஞ்ச பிள்ளை. ஆனா நான் பாக்கிறதுகள்ல கனக்க நாய் திரும்ப விழுறது, நோ மருந்து குடுத்து ரெண்டாம் மூண்டாம் நாள் துள்ளத் தொடங்க, பாவம் எண்டு திறந்து விட்டதால. நோ போனதெண்டா டிஸ்க் ஆறினதெண்டு இல்லை, வெடிச்ச இடம் ஆற கிழமைக்கணக்கு வேணும். கூட்டை ஹோலில, எல்லாரும் இருக்கிற இடத்தில வையுங்கோ, அறைக்குள்ள தனிய வச்சா அழுவான். ஒண்டுக்கு ரெண்டுக்கு வெளியில விடேக்க கழுத்துப் பட்டி வேண்டாம், நெஞ்சில போடுற ஹானஸ் போட்டு, தள்ளாடினா நீட்டுத் துவாய் ஒண்டை வயித்துக்குக் கீழால குடுத்துத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு, ரெண்டு நிமிஷத்தில திரும்பக் கொண்டு வாங்கோ. லிஃப்ட் வேலை செய்யாத நாள்ல படி ஏறி இறங்க விடவே வேண்டாம்.

சுகமானாப் பிறகும் பாய்ச்சல் இல்லை, கட்டிலுக்கும் இல்லை செற்றிக்கும் இல்லை. கொழும்பு ஃபிளாட்டுகள்ல அந்தப் பளபளத்த டைல் இருக்கே, டாஷ்ஹண்டுக்கு அது எதிரி, அவன் நடந்து திரியிற வழியில ரப்பர் பாயோ, பழைய யோகா பாயோ வெட்டிப் போடுங்கோ. பாதத்துக்குள்ள வளருற மயிரையும் நகத்தையும் வெட்டி வச்சா வழுக்கிறது குறையும்.

14 கிலோ கூட. ஸ்டாண்டர்ட் டாஷ்ஹண்டுக்கு 9இல இருந்து 12 கிலோ வரைக்கும்தான் கணக்கு, படம் அனுப்பினதில அவன்ட எலும்பைப் பாத்தா 11க்குக் கிட்ட வந்தா நல்லம் எண்டு நினைக்கிறன். கையால தடவேக்க விலா எலும்பு ஒவ்வொண்டா விரலுக்குத் தட்டுப்படவேணும், மேலயிருந்து பாக்கேக்க இடுப்பு ஒடுங்கித் தெரியவேணும். சோறு குடுக்கிறது பிழையெண்டு நான் சொல்லமாட்டன், ஆனா சோறு நிறைஞ்சு இறைச்சி தொட்டுக்கொள்ள மட்டும் எண்ட மாதிரிப் போடுறது பிழை, கறியில வெங்காயம் இருக்கிறபடியா கறிச்சட்டி வழிச்சுக் குடுக்கிறது அதைவிடப் பிழை. நாய்ச் சாப்பாட்டை அளந்து வையுங்கோ, கூட்டுக்குள்ள இருக்கிற நாள்ல அசைவில்லாதபடியா இன்னும் குறைக்கவேணும். அம்மா பின்னேரம் தேத்தண்ணிக்கு பிஸ்கட் குடுக்கிறவா எண்டா அம்மாவை நிப்பாட்டச் சொல்லாதீங்கோ, அவிச்ச போஞ்சியும் கரட்டும் சின்னத் துண்டா வெட்டி ஒரு டப்பாவில போட்டு அவவின்ட கையில குடுங்கோ, குடுக்கிற சந்தோஷம் அவவுக்கும் வேணும்தானே. கிழமைக்கு 150, 200 கிராம் மட்டில மெதுவாக் குறைஞ்சாக் காணும்.

பூச்சாடி கிண்டுறதும் லிஃப்ட்டுக்குக் குரைக்கிறதும் கெட்ட பழக்கமில்லை, சொன்னனே, அதுக்கெண்டுதான் அவனை உருவாக்கினது. குழிக்குள்ள போன நாய்க்கு மேல நிக்கிறவர் ஒண்டும் சொல்லிக் குடுக்க ஏலாது, எல்லாம் தானே முடிவெடுக்கவேணும், அந்தப் பிடிவாதத்தாலதான் இப்ப நீங்கள் கூப்பிடேக்க வராம நிக்கிறான். அந்நியரையும் கெதியா நம்பமாட்டான். அமெரிக்காவில பல சாதிகளை ஒப்பிட்டு 2008இல வந்த ஆய்வொண்டில, சொந்தக்காரரையும் வெளியாக்களையும் உறுமிக் கவ்வுறதில டாஷ்ஹண்ட் முன்வரிசையில நிண்டது. அதால அடிச்சு அடக்கப் பாத்தா வெல்லமாட்டீங்கள், வேலை குடுத்தா வெல்லலாம். கூட்டுக்குள்ள இருக்கேக்க துவாய் ஒண்டைச் சுருட்டி அதுக்குள்ள அவன்ட சாப்பாட்டுப் பருக்கைகளைச் சொருகிக் குடுங்கோ, 20 நிமிஷம் மூக்கால வேலை செய்து எடுக்கட்டும், மூக்கு வேலை செய்தா மூளை களைக்கும், முதுகு அசையாது. வைத்தியர் விட்டாப் பிறகு, கோழி அவிச்ச உப்பில்லாத தண்ணியைத் துளித் துளியா ஹோலில இருந்து அறைக்கு ஒரு வழியா விட்டு, முடிவில ஒரு துண்டு இறைச்சி ஒளிச்சு வச்சுப் பாருங்கோ, அந்த வாலையும் மூக்கையும் பாத்தா அவன் ஆர் எண்டு உங்கட பிள்ளையளுக்கும் விளங்கும். பால்கனியில பெரிய பேசின் ஒண்டில மண் நிரப்பி அதுக்குள்ள விளையாட்டுச் சாமான் தாட்டு வச்சா பூச்சாடி தப்பும். பின்னேரத்தில மரைன் டிரைவ் பக்கம் 20 நிமிஷ நடை, ஹானஸ் போட்டு, வெயில் சாய்ஞ்சாப் பிறகு. தார் ரோட்டில இருந்து அவன்ட வயித்துக்கு ஒரு சாண் தூரமும் இல்லை, சூடு முழுக்க நேரா உடம்புக்குத்தான் அடிக்கும்.

எலி விஷயத்தில மட்டும் நான் கடுமையாச் சொல்லுவன். கொழும்பில மழைக்குக் கான்கள் நிரம்பேக்க எலிக்காய்ச்சல் கூடும், எலியின்ட சலத்தால வாற கிருமி நாயின்ட கிட்னியையும் ஈரலையும் பிடிக்கும், நாயில இருந்து வீட்டாக்களுக்கும் வரலாம். எலி பிடிக்கப் பழகின நாய்க்கு எலிக்காய்ச்சலுக்கான லெப்டோ ஊசி வருஷா வருஷம் கட்டாயம், கார்டை எடுத்து ஆகக் கடைசியா எப்ப போட்டது எண்டு பாருங்கோ. சத்தி, சாப்பாடு மறுப்பு, கண் மஞ்சள், சலம் கடும் நிறம் எண்டு கண்டா அண்டைக்கே கொண்டு போங்கோ. குப்பை அறையில எலிப் பாஷாணம் வைக்கிறவையோ எண்டும் ஃபிளாட் மனேஜ்மென்ட்டிட்ட கேளுங்கோ, பாஷாணம் திண்ட எலியை இவன் திண்டா ரத்தம் உறையாமப் போற ஆபத்து இருக்கு, அது ரெண்டு மூண்டு நாள் கழிச்சுத்தான் வெளியில தெரியும். உண்ணியையும் மறக்கவேண்டாம், காது மடலுக்குள்ளயும் விரலிடுக்கிலயும் கிழமைக்கு ஒருக்கா தேடுங்கோ, அந்தத் தொங்குற காதுக்குள்ள காத்துப் படாம ஈரம் நிண்டு புண்ணாகிறதும் உண்டு, குளிக்க வார்த்தாப் பிறகு துடைச்சு விடுங்கோ.

கடைசியா அந்தப் பெட்டைக்கு விடுறது. வேண்டாம் எண்டு சொல்லிடுங்கோ, கேட்கிறவர் எவ்வளவு நெருங்கினவரா இருந்தாலும். ஏறுறதே இப்ப இந்த முதுகுக்கு ஆபத்து, அது ஒரு பக்கம். மற்றது, டிஸ்க் நோய் பரம்பரையாப் போறது, 4 வயசில முதுகு நோகிற தேப்பன்ட குட்டியளை வாங்கிற 5, 6 குடும்பத்துக்கும் இதே கடிதம் எழுதவேண்டி வரும். டென்மார்க், ஃபின்லாந்து மாதிரி நாடுகள்ல 2 வயசுக்கும் 4 வயசுக்கும் இடையில முதுகை எக்ஸ்ரே எடுத்து, எத்தனை டிஸ்க்கில சுண்ணாம்பு படிஞ்சிருக்கு எண்டு எண்ணி, கூடின நாயை இனப்பெருக்கத்துக்கு எடுக்காம விடுறவை, நம்மட ஊரில குட்டி போடுவிக்கிறவையும் அந்த எக்ஸ்ரேயையாவது எடுக்கலாம், பெரிய செலவில்லை. அவர்ட பெட்டைக்கும் எடுத்துப் பாக்கச் சொல்லுங்கோ. சீசருக்கு நலம் எடுக்கிற, அதாவது விதை எடுக்கிற யோசனை இருந்தா இப்ப அவசரமில்லை, முதுகு ஆறி, நிறை இறங்கினாப் பிறகு உங்கட வைத்தியரோட கதைச்சு ஒரு திகதி போடுங்கோ.